அரை இன்ச்

தையல்கடை நிலைக்கண்ணாடியின் முன் தையல்காரரின் பதினாறு வயது மகள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. நாற்பது நாளாகக் காலையில் ஓடி, சாயங்காலம் கயிறு தாண்டி, வேகவைத்த காய்கறியோடு போராடியவள். அப்பா அவள் இடுப்பில் டேப்பைச் சுற்றுகிறார்.

"மூச்ச விடும்மா."

"விட்டா எல்லாம் போச்சுப்பா," என்கிறாள் பல்லைக் கடித்தபடி.

"அரை இன்ச் குறைஞ்சிருக்கு."

"அவ்ளோதானா?"

மகளுக்குத் துணையாக அதே காய்கறியைத் தின்றுவந்த அப்பா, அவளைத் தேற்றக் கையைத் தூக்குகிறார். அதுவரை முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்த பேண்ட் நழுவுகிறது. மகள் டேப்பைப் பிடுங்கி அவர் இடுப்பை அளக்கிறாள்.

"முப்பத்தாறுலேருந்து முப்பத்திரெண்டுக்கு வந்துட்டீங்க." திருட்டுப் புகார் கொடுக்கும் குரல்.

அப்பா பேண்டைப் பிடித்தபடி குற்றவாளியாக நிற்கிறார்.

"நான் கயிறுகூடத் தாண்டலயேம்மா."