லிம் கடை பாவ்

ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்கும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு வாக்குக் கொடுத்தவள். அவள் காஜா பேராங் தெரு முனையில் சீனர் கடையில் உட்கார்ந்து, இறைச்சி வைத்த பாவ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரி அதைப் பார்த்துவிட்டாள்.

சத்தம் போடவில்லை. உள்ளே வந்து எதிரே இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ருசியா இருக்கா, பூங்காவனம்?”

பூங்காவனத்தின் வாய் நிறைந்திருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“எத்தனை நாளா நடக்குது?”

“ஒரு மாசமா.”

“கோயில்ல உங்கூட நின்னு தேங்காய்த் தட்டைப் பிடிச்சவ நான். ரெண்டு தங்கலே, இதாவது தங்கணும்னு நீ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.”

“என்னக்கா பண்றது. சோறு தங்கலே, கஞ்சி தங்கலே. தண்ணி குடிச்சாலும் வாந்தி. இந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்து கூப்பிட்டுச்சு. இது ஒண்ணுதான் உள்ளே நிக்குது.”

“நாக்குக்கு நல்லா வக்காலத்து வாங்குறே.”

கடைக்காரர் லிம் பார்மோசாத் தீவிலிருந்து வந்தவர். கடையில் மூன்றே மேசைகள். ஆவியில் வெந்த வெள்ளை பாவ் ஒன்றைப் பிளந்து, சோயாவில் நெடுநேரம் கொதித்த பன்றித் துண்டை வைத்து, சர்க்கரை கலந்த வேர்க்கடலைத் தூளைத் தூவி மடித்துக் கொடுப்பார். சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிவகாமசுந்தரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

“நீயா உன் புருஷன்கிட்டச் சொல்லிடு,” என்றாள் அவள், கோப்பியை ஊதிக்கொண்டே. “இன்னைக்கே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

பூங்காவனத்தின் புருஷன் பொன்னுதுரை நகராட்சியில் ரோடு போடும் ஆட்களுக்கு மண்டோர். இருபது பேரை அதட்டிப் பழகிய குரல். வீட்டிலும் அதே குரல்தான். மீன் தலை இல்லாமல் சோறு இறங்காத மனிதர், மூன்று மாதமாகப் பயத்தங்காயை முறைத்துக்கொண்டே தின்கிறார்.

சாயங்காலம் அவர் தட்டின் எதிரே பூங்காவனம் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அம்மன் விஷயத்துல.”

அவர் நிமிரவில்லை.

“உள்ளே ஏதாச்சும் தங்குதா உனக்கு?”

“தங்குது. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“தங்குதில்லே? அப்புறம் என்ன பேச்சு. போய்ப் படு.”

மறுநாள் காலை வெகுநேரம் வயிற்றில் அசைவே தெரியவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அசைந்தது. அதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

பத்து மணிக்குச் சிவகாமசுந்தரியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். லிம் எப்போதும்போல் தட்டை வைத்தார். அவள் தள்ளி வைத்தாள்.

“வேணாம், தவுக்கே. இனிமே வரமாட்டேன்.” தவுக்கே என்றால் முதலாளி; அவரோடு பேசுவது மலாயில்தான். “பிள்ளை பிறக்கிறவரைக்கும் இறைச்சி தொடமாட்டேன்னு சாமிக்கு வாக்குக் கொடுத்தேன். மீறிட்டேன்.”

“சாப்பிடலேன்னா பிள்ளை என்ன ஆகும்?”

“சாமி பார்த்துக்கட்டும்.”

லிம் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“சாப்பிடு, தங்கச்சி. அது இறைச்சி இல்லே.”

“என்ன சொல்றீங்க?”

“கோதுமை மாவு. பிசைஞ்சு, தண்ணியிலே கழுவிக்கிட்டே இருந்தா, கடைசியிலே பசை மாதிரி ஒண்ணு மிஞ்சும். அதைச் சோயாவிலே வேகவைக்கணும். எங்க ஊர்லே விரத நாள்லே அதைத்தான் தின்போம். உனக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய்.”

சிவகாமசுந்தரி தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டைக் கிள்ளினாள்.

“பொய் சொல்றான்,” என்றாள் தமிழில். “இது இறைச்சியேதான்.”

லிம் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். வெள்ளைத் தண்ணீரில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் முகர்ந்து பார்த்தார்கள். பச்சை மாவு வாசனை.

“எங்கிட்ட ஏன் சொல்லலே?” என்றாள் பூங்காவனம்.

“தெரிஞ்சா உள்ளே தங்காதாம்.”

“யார் சொன்னா?”

“அதைச் சொல்லமாட்டேன்னு நானும் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.” லிம் கிண்ணத்தை மூடினார். “மாவு கழுவ ஒரு மணி நேரமாகும். எனக்கு ஏது நேரம்? அவர்தான் தினம் விடியறதுக்கு முன்னாலே வந்து கழுவிக் கொடுத்துட்டு வேலைக்குப் போறார். முதல் வாரம் அவர் செஞ்சதெல்லாம் ரப்பர் மாதிரி வந்துச்சு. நீ அதையும் தின்னே.”

பூங்காவனம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏதோ நினைவு வந்து, கையை எடுத்தாள்.

“எப்போலேருந்து இது?”

“ரெண்டாவது நாள்லேருந்து. முதல் நாள் நீ தின்னதை அவர் பார்த்துட்டார்.”

“அப்போ முதல் நாள் நான் தின்னது?”

லிம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதற்குமேல் மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

“அது நிஜப் பன்றிதான், தங்கச்சி. ஆனா அதைத் தின்னது தான்தான்னு உங்க சாமிகிட்டச் சொல்லிட்டாராம், உன் புருஷன்.”