சுறாவுக்குத் தண்ணீர் ஆகாது

"இவ்வளவு நேரமா உள்ள என்னதான் பண்றீங்க?" மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள். நீச்சல் மாஸ்டர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்.

"வயிறு சரியில்ல" என்றார். கொஞ்ச நாளாகவே அவருக்கு வயிறு சரியில்லை. புதுப் பொய் யோசிக்கும் சாமர்த்தியம் இல்லாததால், இருக்கிற ஒன்றையே துவைத்துத் துவைத்து உடுத்திக்கொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் வீட்டுக்குத் தெரியாமல் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. மாஸ்டர் அவற்றில் எதற்கும் லாயக்கில்லை. போய் டாட்டூ குத்திக்கொண்டு வந்திருந்தார்.

புதிதாக நீச்சல் கற்க வந்த ஒருவர், "பெரியவரே, நீங்களும் இன்னைக்குத்தான் சேர்ந்தீங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது வினை. அன்று சாயங்காலமே மாஸ்டர் டாட்டூ கடையில் உட்கார்ந்து, புஜத்தில் வாயைப் பிளந்த சுறா வேண்டும் என்றார். ஊசி போட்ட பெண் நன்றாகத்தான் வரைந்தாள். தளர்ந்த புஜத்தில் அது கொட்டாவி விடும் கெண்டையாக வந்து சேர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள்.

வலியில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றவரிடம் அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "கையைக் கழுவிட்டுத்தான் தொடணும். வாசனை இல்லாத சோப்பு போடுங்க, துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. இந்தக் களிம்ப மெல்லிசா தடவுங்க. அரிச்சா சொறியக் கூடாது, பொருக்க உரிக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. ஆறற வரைக்கும் நீச்சல் கிடையாது."

"நீச்சலுமா?"

"ஏன் சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே வந்தார். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டையும் விசிலுமாகக் கரையில் நின்று, காற்றில் நீந்திக் காட்டிப் பாடம் நடத்துகிறார். கேட்பவர்களுக்கெல்லாம் காதில் சீழ் என்று சொல்லி வைத்திருந்தார்.

குளத்தில் மானம் போனால் போகட்டும். வீட்டில் போகக் கூடாது. போன மாதம்தான் மகள் மணிக்கட்டில் சின்னதாக ஒரு இலை வரைந்துகொள்ள ஆசைப்பட்டாள். மாஸ்டர் நடுக்கூடத்தில் நின்று, "உடம்பு என்ன தெருச் சுவரா, கண்டதையும் வரைய?" என்று ஒரு பிரசங்கமே செய்தார்.

"அப்பா சொல்றதுல என்ன தப்பு? இந்த வீட்ல அதெல்லாம் நடக்காது" என்று மனைவியும் பக்கத்தில் நின்று ஒத்து ஊதினாள். மகள் அழுதுவிட்டு உள்ளே போனவள்தான், இன்னும் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தச் சுறா வெளியே வந்தால் இனி அவள் தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள் என்று நினைக்கும்போதெல்லாம், மாஸ்டருக்குக் குத்திய இடத்தைவிட நெஞ்சு அதிகமாக எரிந்தது.

இதற்கு நடுவே களிம்பு வேறு. ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த டியூப் சீக்கிரமே தீர்ந்துபோக, அவர் மறுபடி கடைக்குப் போனார்.

"அதுக்குள்ளயா? ஒரு ஆளுக்கு அது தாராளமாச்சே" என்றாள் அந்தப் பெண். "ரொட்டிக்கு வெண்ணெய் மாதிரி அப்பாதீங்க சார். ஈரத்துலயே ஊறிக் கெட்டுடும்."

பட்டாணி அளவுதான் எடுத்தேன் என்று அவர் சத்தியம் செய்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்றே நினைவில்லாத ஆசாமி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தடவினோம் என்பதை எங்கே கண்டார்.

"கதவத் திறங்க" என்றாள் மனைவி மறுபடி. "உங்க பொண்ணு ஹால்லதான் இருக்கா. என்னைக் கத்த வைக்காதீங்க."

மாஸ்டர் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கப் பார்த்தார். சுருட்டிய துணி தோளிலேயே இறுகிக்கொண்டு அசைய மறுத்தது. வேறு வழியில்லாமல் ஒரு கையில் டியூபும் மறுகையில் தாழ்ப்பாளுமாகக் கதவைத் திறந்தார்.

மனைவி டியூபைப் பார்த்தாள். பிறகு சுறாவை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "நீ என்ன வேணா திட்டு, வாங்கிக்கிறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ்வளவு பேசிட்டு இனி எந்த முகத்தோட அவ முன்னாடி நிப்பேன்?"

"நிக்க முடியாதுதான்" என்றாள் மனைவி.

அவள் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். திட்டு வெளியே கேட்கக் கூடாது என்று நினைக்கிறாள் போலும் என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கையக் கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன்."

"சோப்பு போட்டு?"

"போட்டுத்தான்."

அவள் திரும்பி நின்று, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் இரவு உடையைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அப்ப எனக்கும் தடவி விடுங்க, முதுகுல கை எட்டல."