கழுகு உட்காரும் இடம்

ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஒத்திலியாவின் மடியில் இருக்கும் கறுப்புக் கோட்டில் விழுகிறது. ரஷ்ய ஜாரின் படையை எதிர்த்துக் காட்டுக்குப் போகும் போலந்துத் தொண்டர்களுக்கு அவள்தான் உடுப்பு தைக்கிறாள். எல்லாம் செத்தவர்களின் கோட்டுகள். சாம்பல் போட்டு ரத்தத்தை அலசி, குண்டு துளைத்த ஓட்டையை மறைத்து அதன்மேல் போலந்தின் சின்னமான வெள்ளைக் கழுகைத் துணியில் வெட்டி வைத்துத் தைத்துவிடுவாள். புதிதாய் வந்திருப்பவர்களுக்கு இது தெரியாது.

"என்னக்கா, எல்லாருக்கும் ஒவ்வொரு பக்கமா பறக்குது? என் கழுகு வயித்துல உக்காந்திருக்கு!" என்கிறான் அவர்களில் ஒருவனான செவெரின்.

"அதுக்கும் உன்னாட்டம் பசிதான்டா," என்கிறான் கூட்டாளி லுட்விக். அறையே சிரிக்கிறது. ஒத்திலியா ஊசியில் நூல் கோக்கிறாள்.

"இன்னொண்ணு தச்சுக் குடுங்கக்கா. இங்க," என்று செவெரின் இடது மார்பைத் தொட்டுக் காட்டுகிறான்.

அங்கே துணி இன்னும் ஓட்டையில்லாமல் இருக்கிறது.