கழுவிப் பார்த்த மாவு

ஷாமினியின் துணிமணிப் பை வாசலில் இருந்தது. காலையில் மாமியார் நவமணிதான் கொண்டுபோய் வைத்தாள்.

அடுப்படியில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில், ரொட்டிக்கு வாங்கிய கோதுமை மாவைப் பிசைந்த உருண்டை. மற்றதில், ஷாமினி குக்கீஸ் சுடுவதற்கு டின்னில் கலந்து வைத்திருக்கும் மாவில் பிடித்த உருண்டை. டின்னிலிருந்து அள்ளியதும் பிசைந்ததும் நவமணியே.

அந்த டின்னில் அரிசி மாவும் மரவள்ளி மாவும் மட்டும்தான் என்கிறாள் ஷாமினி. கோதுமையும் இருக்கிறது என்கிறாள் நவமணி.

நவமணியின் குடலுக்குக் கோதுமை ஆகாது. அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பே அவள் குடலைத் தாக்கும். தின்றது ஒட்டாது. டாக்டர் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தனி மாவு, தனிச் சல்லடை, தனித் தட்டு என்று ஷாமினிதான் பார்த்துச் செய்கிறாள். சோயா சாஸ், மால்ட் பானம், கடையில் வாங்கும் மீன் உருண்டை என்று குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்களையும் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். நவமணி சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள்.

ஆனாலும் நவமணி இளைத்துக்கொண்டே போனாள். கைலி இடுப்பில் நிற்கவில்லை. வயிறு வலிக்காத நாள் இல்லை.

மருமகள் மாவில் கலக்கிறாள் என்று கோயிலில் சொன்னாள், பசார் சந்தையில் சொன்னாள். இப்போது ஷாமினி மீன் வாங்கப் போனால் புந்தோங் வட்டாரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்று மகன் கோகிலனையும் வேலைக்கு விடாமல் நிற்க வைத்திருந்தாள். தண்ணீரில் கழுவும்போது கோதுமை உருண்டையைப் போல இரண்டாவதும் கரையாமல் நின்றால், ஷாமினி இப்போதே சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். கோகிலன் சரி என்றுவிட்டான், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே.

"இது தோட்டத்துல பால்மரம் வெட்டுன கைடி. எது கட்டும், எது கட்டாதுன்னு எனக்கு நீ பாடம் எடுக்க வேணாம்," என்றாள் நவமணி.

கோதுமை உருண்டையை முதலில் குழாயடியில் பிடித்துக் கசக்கினாள்.

வெள்ளைத் தண்ணீர் ஓடியது. அது மாவுச்சத்து. கசக்கக் கசக்கத் தண்ணீர் தெளிந்தது. உள்ளங்கையில் சாம்பல் நிறக் கட்டியொன்று மிஞ்சியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. மரத்தில் கட்டிய மங்கில் உறைந்துபோன ரப்பர் பாலைப் போல.

அதுதான் குளூட்டன். ரொட்டி கிழியாமல் விரிவது அதனால்தான். அது இல்லாததால்தான் ஷாமினியின் குக்கீஸ் மாவு உருட்டும்போதே வெடிக்கும். முட்டை ஊற்றி, அரிசி மாவு ஈரத்தை உறிஞ்சி இறுகும்வரை ஐஸ்பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படிச் சுட்டதையும் தூள் உதிர்கிறது, மண்ணைப் போல இருக்கிறது என்று நவமணி துப்புவாள்.

அந்தக் கட்டியை அவள் மருமகளின் மூக்குக்கு நேரே இழுத்துக் காட்டினாள்.

"பாத்துக்கடி. இதத்தான் எனக்குப் போடுற."

பிறகு இரண்டாவது உருண்டையை எடுத்தாள்.

தண்ணீர் பட்டதும் அது நெகிழ்ந்தது. விரல் இடுக்குகளில் வழிந்தது. நவமணி விரல்களை நெருக்கிக்கொண்டாள். அப்படியும் வழிந்தது. ஒரு நாராவது மிஞ்சட்டும் என்று உள்ளங்கையைக் கட்டைவிரலால் துழாவினாள்.

வெறும் கை.

கோகிலன் வாசலுக்குப் போய்ப் பையை உள்ளே கொண்டுவந்தான். இனிமேல் யாரிடமும் ஷாமினியைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டியது.

நவமணி குழாயை மூடவில்லை. ஷாமினி மூடினாள். அதே டின் மாவில் செய்த குக்கீஸ் தட்டை ஓவனுக்குள் தள்ளினாள்.

நவமணிக்கு மறுபடியும் வயிறு சுருட்டிப் பிடித்தது. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தாள். பெருங்காயத்தூள். வலி வரும்போதெல்லாம் மோரில் கலந்து குடிப்பாள். மருமகள் கை படக்கூடாது என்று கடைக்குத் தானே போய் வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

ஈரக் கையிலிருந்து டப்பா நழுவி உருண்டது.

ஷாமினி குனிந்து எடுத்தாள். ஈரத்தைத் துடைத்தாள்.

"இந்தாங்க அத்தே. ரொம்ப வலிச்சா கொஞ்சம் கூடவே போட்டுக் குடிங்க."

அன்று அவள் கையிலிருந்து நவமணி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பெருங்காயமும் ஒருவகைப் பால்தான். ஒரு செடியின் வேரைக் கீறினால் வடியும், உறைந்து கட்டியாகும். தனியாகப் போட்டால் நெடி தாங்காது. அதனால் கடைத்தூளில் ஏதாவது ஒரு மாவைக் கலந்து அரைப்பார்கள். சிலர் அரிசி மாவு, பலர் கோதுமை மாவு.

எந்த மாவு என்பது டப்பாவின் பின்புறம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். நவமணியின் டப்பாவில் கோதுமை.

போன தைப்பூசத்துக்கு முன்பே, தலையணை உறை மாற்றும்போது, ஷாமினி அதைப் படித்துவிட்டாள்.