ரோசாக் கண்டும் ஹஜ்ஜுப் பயணமும்

"ஏம்மா, அந்தச் செடிய அப்படியே கீழ வைங்க!"

காவலாளி ஊதிய விசில் பூப்பண்ணை முழுக்கக் கேட்டது.

ரோசாப் பாத்தி ஓரமாகக் குந்தியிருந்த சுபைறா எழும்பினாள். ஒரு கையில் வீட்டுச் சமையல் கரண்டி, மற்றக் கையில் வேரோடு ஒரு ரோசாக் கண்டு, காலடியில் புதிதாகத் தோண்டிய குழி. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

சித்திரை மாதம் என்பதால் நுவரெலியாவில் ஊர்ப்பட்ட சனம். ஒரு நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. நாலைந்து பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளது கணவர் முகைதீன்பாவா வந்தார். கடலோரக் கல்முனைக்குடியில் பெரிய அரிசிக் கடை முதலாளி. அடுத்த மாதம் மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போக இருக்கிறார். மாரி முடிந்தால் தாமரைக் குளம், சித்திரை வந்தால் நுவரெலியா என்று வருடா வருடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார். "என்ட பொஞ்சாதிக்கு நான் பூக்காட்டாத காலமில்ல" என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிவார்.

"என்ன தம்பி பிரச்சின?"

"செடியப் புடுங்குறாங்க ஐயா. கையும் களவுமா புடிச்சிட்டேன். மொதலாளிக்கு ஃபோன் போட்டுட்டேன், வந்துக்கிட்டிருக்காரு."

முகைதீன்பாவாவின் முகம் கறுத்துப் போனது.

"என்ன புள்ள இது?"

சுபைறா கரண்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"கேட்டிருந்தா பத்துக் கண்டு வாங்கித் தந்திருப்பனே! ஹஜ்ஜுக்குப் போற பொம்புள செய்யிற வேலயா இது?"

கூட வந்திருந்த அவரது தங்கை ஹப்ஸா அவர் கையைப் பிடித்தாள். "காக்கா, மெதுவாக் கதைங்க. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்! நாம ஆரெண்டு அவங்களுக்கும் தெரியட்டும்." போன்கள் இருந்த பக்கமாகத் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இருவத்தாறு வருஷமா யாவாரம் செய்யிறன். என்ட தராசு ஒரு அரிசிக்குப் பொய் சொன்னதில்ல. அடுத்தவன்ட பொருளுக்குக் கை நீட்டுற பழக்கம் எங்கட ஊட்டுல இல்ல. இவ செஞ்சதுக்கு நான் மாப்புக் கேக்குறன்."

"நல்ல மனுசன்" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

சுபைறா அழவில்லை, தலை குனியவுமில்லை. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

அதற்குள் பண்ணைக்காரர் வந்து சேர்ந்தார். பாத்தியைப் பார்த்தார். கண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம பாத்தியில ஒண்ணும் கொறையலையே. ரகம் நம்ம ரகந்தான். ஆனா வேர்ல இருக்கிறது கடக்கரப் பக்கத்து வெள்ள மணலு. இங்க ஏது இந்த மணலு? இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

சுபைறா கண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் வந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"போன சித்திரைக்கு இஞ்ச வந்த நேரம், காசு குடுத்து வாங்கினண்டு போட்டிருந்த சேட்டுக்குள்ள இரிந்து ஒரு கொப்பு எடுத்துத் தந்தீங்களே, ஊட்டுல நட்டு வளத்தனே, அதுதான் இது. இந்த ரோசா விக்கிறதில்லையெண்டு அண்டைக்கும் இதில போர்ட் இரிந்திச்சி. எனக்கு வாசிக்கத் தெரியுங்க. கேட்டா உங்களுக்கு வெக்கமாப் போகுமெண்டுதான் உட்டன்."

முகைதீன்பாவா போன்கள் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"இத ஊட்டுல வெச்சிக்கிட்டு ஹஜ்ஜுக்குப் போக எனக்கு மனமில்ல. ஆருக்கும் தெரியாம நட்டுட்டுப் போவமெண்டு பாத்தன், அம்புட்டுட்டன். நீங்க ஒண்டும் கதைக்காதீங்க. களவெண்ட பேர் என்னோட போகட்டும்."

போன்கள் இன்னும் அவர் பக்கமே நீண்டிருந்தன. இந்த வீடியோ அவருக்கு முன்னமே கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைக்கு வருகிறவன், பள்ளிவாசலுக்கு வருகிறவன் எல்லாரும் பார்ப்பார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு போனால் ஊரில் அவர் நல்ல மனிதர், சுபைறா கள்ளி.

அவர் மணல் ஒட்டிய அந்த வேரைப் பார்த்தார். பிறகு அவளது கையிலிருந்து கண்டை வாங்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். அத்தனை பெருமையோடு அவர் பேசி ஹப்ஸாவும் கேட்டதில்லை.

"நல்லா எடுங்க தம்பிமார்! போன வருஷம் இதுல கொப்பு ஒடிச்சிக்கிட்டுப் போன கள்ளன் நான். அத வேரோட திருப்பிக் கொண்டு வந்தவ என்ட பொஞ்சாதி."