புல்லின் மேல் புதுத்தடம்

தீர்த்தமலைக் காட்டுப் பாதையில், மழை விட்டபின் வந்த வெயில் சேற்றின் மேல் பளபளக்கிறது. பழைய சக்கரத் தடத்திலேயே அச்சுவரை புதைந்து நிற்கிறது, சந்தைக்கு ஆளேற்றிப் போகும் சர்தார் பாயின் ஜீப். தள்ளித் தள்ளி ஓய்ந்த மலையூர்ச் சனங்கள் பாறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

"பக்கத்துல புல்லு மேல வுட்டிருந்தா இந்நேரம் அரூர் சந்தையில இருப்போமுங்க, பாய்," என்கிறாள் புளிக்கூடைக்காரி கோவிந்தம்மாள்.

சர்தார் நெற்றிச் சேற்றைப் புறங்கையால் துடைக்கிறார். "காட்டுக்குள்ள புதுத்தடம் விழுந்தா, பாதையவே சங்கிலி போட்டுப் பூட்டிருவேன்னு பாரஸ்ட் ரேஞ்சர் சொல்லியிருக்காருங்க, ஆத்தா. அப்புறம் கூடையோட நடக்கணும்."

"இப்ப மட்டும் பறந்தா போறோம்?"

அந்நேரம் பின்னால் வந்த வெளியூர் ஜீப்பொன்று, வேகம் குறையாமல் புல்லின் மேலேறி, ஈரமண்ணை வாரியிறைத்துக் கடந்து மறைகிறது. நசுங்கிய புல்லினூடே இரண்டு செம்மண் கோடுகளில் நீர் கசிகிறது. சர்தார் அவற்றையே பார்த்தபடி நிற்கிறார்.

கோவிந்தம்மாள் மடியிலிருந்த கூடையை இறக்கிவைத்து எழுகிறாள். ஓரத்தில் கிடந்த காய்ந்த இலந்தை முள்ளை இழுத்துவந்து அக்கோடுகளின் குறுக்கே போடுகிறாள்.

"அடுத்தவனாச்சும் சேத்துலயே வரட்டுமுங்க."

சர்தார் இன்னொரு முட்கிளையைத் தேடிக் குனிகிறார்.