சிவப்பு மை படாத கடிதம்

தமிழய்யா நாகநாதனின் சட்டையை வெளுக்கப் போடுமுன் பையைத் துழாவிய அவர் மனைவி வீரலட்சுமியிடம், ஒரு பெண் அவருக்கு எழுதிய கடிதம் சிக்கியது. அவள் கண்ணுக்கே வரிக்கு ரெண்டு பிழை தெரிந்தது. ஆனால் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

அதை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

"என்னப் பெத்த அய்யா போட்ட கடுதாசியவே திருத்தித் திருப்பி அனுப்புன ஆளு நீங்க. இவளுக்கு மட்டும் செவப்பு மை தீந்துபோச்சோ? யாரு இவ?"

மடிப்பு கிழியாமல் அதை அவர் வாங்கிக்கொண்டார்.

"மூத்தவ."

தனுஷ்கோடிப் புயலில் போன முதல் மனைவி. வீரலட்சுமி அப்பவும் விடவில்லை.

"செத்தவள்னா திருத்த மாட்டீகளோ?"

"கல்யாணமான புதுசுல, அவ அய்யா வீட்டுல இருந்து ஒண்ணு எழுதுனா. திருத்தி அனுப்புனேன். அப்புறம் கடுதாசியே வரல. புயலுக்குப் பெறகு கரையில ஒதுங்குன அவ பெட்டியில இது இருந்துச்சு. எழுதிட்டு, அனுப்பாமலே வச்சிருந்திருக்கா."

வீரலட்சுமி விறுவிறுவென்று உள்ளே போனாள். தன் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்த ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். எல்லாம் அவருக்கு எழுதியவை. ஒன்றுகூட அனுப்பாதவை.

"இதுலயும் தப்புத்தான் நெறைய இருக்கு. திருத்தாமப் படிப்பீகளா, இல்ல நானும் சாகணுமா?"